சுழலும் அணுக்கரு

மாசுமறுவற்ற கண்ணாடிக் கோலி ஒன்று நின்ற இடத்திலேயே சுழல்கிறது எனக் கொள்வோம். அதன்மேல் புள்ளியோ கீறலோ இல்லை. அது சுழல்கிறதா, வாளா கிடக்கிறதா என்று காண்போர் எங்ஙனம் அறிவர்? ஒரு நாவற்கனியைக் கிடையாக வைத்துச் சுழற்றுங்கள். அதன் நீண்ட உடல் திசை மாறுவதால் சுழற்சி உடனே புலனாகும். அணுக்கருவின் உலகிலோ இவ்வேறுபாடு இன்னும் கடுமையானது. உருண்டையான கருவின் சுழற்சி கண்ணுக்குப் புலனாகாது என்பது மட்டுமன்று. குவாண்டம் விதிப்படி அத்தகைய சுழற்சியே அதற்கு இல்லை.

கனமான கருக்கள் யாவும் உருண்டையோ? 1949 ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க நாட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டவுன்ஸ் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். சில கருக்களில் மின்னூட்டம் பரவியுள்ள முறை உருண்டை வடிவினின்றும் பெரிதும் விலகியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவையிலிருந்த ஜேம்ஸ் ரெயின்வாட்டருக்கு ஒரு கருத்துத் தோன்றிற்று. வெளிப்புறத்தே இயங்கும் துகள்கள் கரு முழுவதையுமே இழுத்து நீட்டிவிடலாமன்றோ என எண்ணி, 1950 இல் அதனை வெளியிட்டார். அப்போது அவரோடு ஒரே அறையிலிருந்து பணியாற்றியவர் ஆகே போர். அவர் கோபன்ஹேகன் திரும்பிய பின், பென் மாட்டல்சனுடன் கூடி, நீண்ட கரு சுழலுமாயின் அதன் ஆற்றல் எவ்வாறு படிப்படியாக உயரும் என்று கணித்தார். இம்மூவரும் 1975 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

அந்தப் படிகள் யாவை? சுழற்சி எண்கள் 2, 4, 6 என்பன. ஒவ்வோர் எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணாற் பெருக்க, 6, 20, 42 என வரும். ஆற்றல் இவ்விகிதத்தில் ஏறல் வேண்டும். யுரேனியம் 238 இன் முதற்படி ஏறக்குறைய 45 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட். கணக்கின்படி அடுத்தவை 150 ஆயிரமும் 315 ஆயிரமும் ஆதல் வேண்டும். கரு ஒரு படியினின்று மறுபடிக்கு இறங்குங்கால் வெளிவிடும் காமாக் கதிர்களை அளந்து கண்டவையோ 148 ஆயிரமும் 307 ஆயிரமும் ஆகும். சிறு குறைவுக்கும் காரணம் உண்டு: விரைவு மிகுந்தோறும் கருவின் சடத்துவத் திருப்புத்திறன் சற்றே பெருகுகிறது.

உருண்டையான ஈயம் 208 இல் இந்த ஏணியைக் காணோம். அதனைக் கிளர்ச்சியுறச் செய்ய முதலிலேயே 26 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் தேவை. அதுவும் சுழற்சியன்று, அதிர்வே.

நீண்ட கருவை முட்டை வடிவினது என்பாரும் உளர். முட்டைக்கு ஒருபுறம் கூர்மையும் மறுபுறம் பருமையும் உண்டாதலின், யுரேனியத்துக்கு அவ்வுவமை பொருந்தாது, நாவற்கனியே பொருந்தும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இருமுனையும் ஒத்திருப்பதால், அரைச் சுற்றுத் திரும்பிய கரு முன்னிருந்தபடியே தோன்றும். அதனாலேதான் அதன் ஏணியில் 1, 3, 5 என்னும் படிகள் இல்லை. ரேடியம் 224 இன் கருவோ ஒருபுறம் பருத்துப் பேரிக்காய் போன்றது என்பதை, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த சோதனை 2013 இல் உறுதி செய்தது. அதன் ஏணியில் அவ்வொற்றைப் படிகளும் இடையிடையே கலந்து நிற்கின்றன.