இரண்டாவது யாருக்கு?

கேள்வி:

ஐயா, திசையன்விளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். முருங்கைக் காய்ப்புக் காலத்தில் காய் வாங்கி வெளியூருக்கு ஏற்றி அனுப்புவதும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாலு பேர், இன்றைக்கும் கூட்டாளிகள். ராத்திரி கடையை அடைத்ததும் டீக்கடையில் ஒரு மணி நேரம் அரசியல் பேசாமல் நாங்கள் வீட்டுக்குப் போனதில்லை. நாலு பேரில் ஒருத்தன் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் மகன் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான்.

2024 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தபோது அவன் டிரம்ப் பக்கம், நான் கமலா ஹாரிஸ் பக்கம். மன்னார்குடிப் பக்கத்து ஊர்க்காரரின் பேத்தி என்ற பாசம் எனக்கு. முடிவு வந்த அன்று எல்லாருக்கும் டீ சொன்னவன், என் கையில் கிளாஸைத் தந்து, "இது உனக்கு ஆறுதல் டீ" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. பேச்சு எப்படியோ நம் தொகுதிக்கு வந்து, 2016 தேர்தலில் 49 ஓட்டில் முடிவானதே, அதில் வந்து நின்றது. "தபால் ஓட்டுக்கு ஒழுங்காக் கையெழுத்துப் போடத் தெரியாத வாத்திமாருக்கு அமெரிக்க அரசியல் ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டேன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனவன்தான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. என் மகள் நிச்சயதார்த்தத்துக்கும் அவன் வரவில்லை, அவன் வீட்டம்மாவை மட்டும் அனுப்பி வைத்தான். என் மகளுக்குக் கைபிடித்து 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவன் ஐயா அவன். வருகிற தையில் கல்யாணம்.

டீக்கடைக்காரர் இப்போது 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதி மாட்டிவிட்டார். அதுதான் சரியா? கூட்டாளிகள் அரசியல் பேசவே கூடாதா? பேசலாம் என்றால், எப்படிப் பேசுவது?

வாசகர், திசையன்விளை

பதில்:

முதலில் அந்தத் தபால் ஓட்டைப் பார்த்துவிடுவோம். உங்கள் கூட்டாளி டிரம்ப்பையும் கமலாவையும் என்றைக்கோ மறந்திருப்பார். அந்தக் கையெழுத்தை மறந்திருக்க மாட்டார்.

2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அப்பாவு உயர் நீதிமன்றம் போனார். வழக்கின் மையத்தில் இருந்தவை 203 தபால் ஓட்டுகள். தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தபாலில் போடும் ஓட்டு அது. கூடவே ஓர் உறுதிமொழிப் படிவமும் போக வேண்டும், அதில் தகுதியுள்ள அலுவலர் ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். இங்கே ஒப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லி அந்த ஓட்டுகளைத் தள்ளிவிட்டார்கள். 2019 அக்டோபர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளின் ஓட்டுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. மூன்று நாள் கழித்து உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் 2021 தேர்தல் வந்துவிட்டது. அதே இருவரும் மறுபடி மோத, அப்பாவு வென்று பேரவைத் தலைவர் ஆனார்.

இப்போது நீங்கள் சொன்ன வார்த்தையை இதோடு சேர்த்துப் பாருங்கள். தலைமையாசிரியரின் கையெழுத்து செல்லாது என்று தள்ளியதைத்தான் உயர் நீதிமன்றம் தவறு என்றது. அதாவது உங்கள் கூட்டாளியைப் போன்றவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தது. ஒரு தலைமையாசிரியருக்குத் தன் பச்சை மை எவ்வளவு பெரியது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருஷக்கணக்காக ஊரார் பிள்ளைகளின் சான்றிதழில் அந்தக் கையெழுத்தைப் போட்டவரைப் பார்த்து, அது செல்லாது என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். "ஆறுதல் டீ" என்று அவர் சீண்டியது தப்புதான். ஆனால் அந்தச் சீண்டல் உங்கள் கட்சியோடு நின்றது. உங்கள் பதிலோ அவருடைய வாழ்நாள் வேலையின் மேல் போய் விழுந்தது. கூட்டாளிகளின் அரசியல் பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தலைவரைப் பற்றிய பேச்சு, எதிரே இருப்பவரின் தொழிலையோ சாதியையோ தகப்பனாரையோ தொட்ட கணத்தில் அது அரசியல் பேச்சாக இருப்பதில்லை.

அமெரிக்கத் தேர்தலை நான் சுருக்கமாகவே சொல்லப் போகிறேன். அங்கே உங்களுக்கு ஓட்டில்லை, அவருக்கும் இல்லை, எச்-1பி விசாவில் இருக்கும் அவர் மகனுக்கும் இல்லை. கமலா ஹாரிஸின் தாத்தா கோபாலனின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜை நடத்தியவர்களுக்கும் இல்லை. ஆனாலும் அதைப் பேசியதில் குற்றமில்லை. மகனின் விசா அந்த முடிவில் தொங்கும்போது ஒரு தகப்பனுக்கு அதில் கருத்து இருக்கத்தான் செய்யும். அவர் ஏன் டிரம்ப் பக்கம் நின்றார் என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கடிதத்தில் அந்தக் காரணம் இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நமக்கு நேரடி ஓட்டில்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு இது. 2017 ஜூலையில் ராம்நாத் கோவிந்துக்கும் மீரா குமாருக்கும் போட்டி நடந்தபோது, அ.தி.மு.க.வின் இரண்டு அணிகளும் கோவிந்தை ஆதரித்தன, தி.மு.க. மீரா குமாரை ஆதரித்தது. ராதாபுரம் வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது. ஆக உங்கள் ஊர்ப்பக்கத்து 49 ஓட்டுதான், டெல்லிக்குப் போகும் 176 மதிப்புள்ள சீட்டு யார் கையில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. கோவிந்த் 7,02,044, மீரா குமார் 3,67,314 என்று முடிந்த தேர்தலில் அந்த 176 எதையும் புரட்டிப் போட்டிருக்காது. ஆனாலும் டீக்கடையில் பேச இது எவ்வளவு நல்ல சங்கதி! இதை விட்டுவிட்டு வாத்தியார் கையெழுத்துக்குப் போய்விட்டீர்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. உங்கள் கேள்விக்கான விடை அவற்றில்தான் இருக்கிறது.

ஒன்று, ரகசியம். மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ. தன் ஓட்டுச் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டியாக வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் யாரிடமும் காட்டக் கூடாது, கட்சிக் கொறடாவின் உத்தரவும் அங்கே செல்லாது. கட்சியால் எம்.எல்.ஏ. ஆன மனிதருக்கே சட்டம் அந்த மறைப்பைக் கொடுத்திருக்கிறது. டீக்கடை பெஞ்சில் "நீ யாருக்குல போட்ட, சொல்லு" என்று ஒருத்தரை நெருக்குவது எந்த நியாயத்தில் சேரும்? அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால், "நீ அந்தக் கட்சிதான், எனக்குத் தெரியும்" என்று முத்திரை குத்தாதீர்கள்.

இன்னொன்று, வரிசை. அந்தச் சீட்டில் ஒரே ஒரு பெயருக்கு நேரே முத்திரை வைக்கும் பழக்கம் இல்லை. 1, 2, 3 என்று விருப்பப்படி எண் போட வேண்டும். 1969 தேர்தல் அப்படித்தான் முடிந்தது. ஜாகிர் உசேன் மறைந்த பிறகு காங்கிரஸ் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. பிரதமர் இந்திரா காந்தி மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லி வி.வி. கிரியின் பக்கம் சாய்ந்தார். காமராஜர் ரெட்டியின் பக்கம். தி.மு.க. கிரியின் பக்கம். முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. மூன்றாவதாக வந்த சி.டி. தேஷ்முக்குக்கு 1 போட்டவர்களின் சீட்டுகளில் 2 யாருக்கு என்று பார்த்து எண்ணினார்கள். அதில் பெரும்பகுதி ரெட்டிக்கே போனது. ஆனாலும் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்று முடிந்தது. அந்த வருஷக் கடைசிக்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. என் தகப்பனார் காமராஜர் பேரைச் சொன்னால் எழுந்து நிற்கிறவர். பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருந்த அவருடைய கூட்டாளி கிரியின் பக்கம், ஏனென்றால் கிரி தொழிற்சங்கத்தில் வளர்ந்த மனிதர். இரண்டு பேரும் தினமும் தொண்டை கட்டும்வரை பேசுவார்கள். ஆகஸ்ட் 20 அன்று ரேடியோவில் முடிவு வந்தது. சாயங்காலம் தையற்காரர் வீட்டுக்கு வந்தார். ஜெயித்தவர் வருகிறார், என்ன சொல்லப் போகிறாரோ என்று அம்மாவுக்குப் பதைப்பு. அவர் தேர்தலைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குச் சட்டைக்கு அளவெடுத்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, அப்பாதான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தார். வென்ற அன்றைக்கு வாயைக் கட்டுவது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை நான் அந்தத் திண்ணையில்தான் பார்த்தேன். உங்கள் கூட்டாளி அந்த ஆறுதல் டீயை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தால் நீங்களும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள்.

எதிர்க்கரைக்கு வாருங்கள். 2024 செப்டம்பர் 21 அன்று இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அங்கே சாதாரண மக்களே மூன்று பேருக்கு வரிசை போடலாம், விருப்பு வாக்கு என்பார்கள். முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42 சதவீதம், சஜித் பிரேமதாசவுக்கு 33 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. யாருக்கும் பாதி வராததால் அந்நாட்டு வரலாற்றிலேயே முதல்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்து, அநுர வென்றார். தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரனும் நின்றார். "அவருக்கு 1 போடுகிறேன், 2 யாருக்குப் போடட்டும்?" என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பேசித்தான் விடை காண முடியும், கத்தி அல்ல.

இதைத்தான் உங்கள் பெஞ்சுக்கு நான் சொல்ல விரும்புகிறேன். நம் ஊர்த் தேர்தலில் ஒரே பொத்தான்தான். அதனால் கூட்டாளியின் மனசிலும் ஒரே சின்னம்தான் இருக்கிறது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அப்படி இல்லை. "எலே, உன் ஆளு நிக்கலேன்னு வச்சுக்கோ. அடுத்தாப்ல யாருக்குப் போடுவ?" என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் ஒரு நிமிஷம் யோசிப்பார். அந்த யோசனையில் அவருக்கு உண்மையிலேயே எது முக்கியம் என்பது வெளியே வரும். தண்ணீரா, மகன் வேலையா, சாமியா, விலைவாசியா. முதல் பெயரில் எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு பேர் இரண்டாவது பெயரில் ஒன்றாக நிற்பதை, நான் வாத்தியாராக இருந்தபோது என் வகுப்பறையில் வருஷாவருஷம் பார்த்திருக்கிறேன்.

ஒருவருக்கு என் ஓட்டு இல்லை என்று சொல்வது அவரை அவமதிப்பதாகாது என்பதற்கு 2002 குடியரசுத் தலைவர் தேர்தல் நல்ல சாட்சி. ராமேசுவரத்து அப்துல் கலாமை தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் சேர்ந்தே ஆதரித்தன. இடதுசாரிகள் நிறுத்தியது, சென்னையில் வளர்ந்து நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமியை. கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. லட்சுமிக்குப் போட்டவர்களும் கலாமைக் கும்பிட்டார்கள், கலாமுக்குப் போட்டவர்களும் லட்சுமியைக் கும்பிட்டார்கள்.

'அரசியல் பேசாதீர்' என்ற அந்த போர்டு எனக்குப் பிடிக்கவில்லை. டீக்கடைக்காரருக்குக் கிளாஸ் உடைகிற கவலை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேரிக்காட்டு ஊர்கள் அரசியல் பேசாமல் இருக்க முடியாது. தாமிரபரணி வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாக உங்கள் வறண்ட பக்கத்துக்குக் கொண்டுவரும் கால்வாய் வேலை 2009இல் தொடங்கியது. இடையில் எத்தனை வருஷம் எப்படி இழுத்தது, எந்த ஆட்சி என்ன செய்தது, உங்கள் ஊர்க் கிணறுகளில் நீர் ஏறியதா? கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள் நாலு பேரும். நீங்கள் பேசாவிட்டால் செல்போனில் வருகிற யாரோ ஒருத்தர் உங்களுக்காகப் பேசுவார்.

போர்டுக்கு மரியாதை கொடுத்து, கொஞ்ச நாளைக்கு வேறு திண்ணையில் பேசுங்கள். கண்டதையும் விசாரித்ததையும் பேசுங்கள், செல்போனில் வந்ததைக் கடைசிக்கு வையுங்கள். குரல் ஏறினால், மூன்றாவது ஆள் யாராவது எழுந்து டீ சொல்லட்டும். நாலு பேர் இருக்கும் கூட்டத்தில் மற்ற இரண்டு பேருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. அன்று அவர்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் ஒரு தப்புதான் என்று அவர்களிடமே சொல்லுங்கள்.

இனி உங்கள் காரியம். அவரிடம் தூது அனுப்பாதீர்கள், போனிலும் சொல்லாதீர்கள். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைத்துவிட்டு, இரண்டாவதை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாம்பாளத்தை நீட்டுவதற்கு முன்னால், "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு மக்கா, கோர்ட்டே உங்க கையெழுத்து செல்லும்னுதான் சொல்லிச்சு" என்று சொல்லிவிடுங்கள்.