கிராம நூலகங்களும் பூஞ்சணத் தடுப்பும்

1945ஆம் ஆண்டு அம்பலப்புழையில் பி. என். பணிக்கரின் முயற்சியால் 47 நூலகங்கள் ஒன்றிணைந்து திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை அமைத்தன. இவ்வியக்கத்தின் பயனாகச் சிற்றூர்களிலும் வாசகசாலைகள் வேரூன்றின. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தொடர்ந்தது. தமிழும் மலையாளமும் வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் நூல்களைச் சேர்ப்பதைப் போலவே அவற்றைக் காப்பதும் கடினமான பணியாகும். இதற்கு முதற்காரணம் பருவநிலையே.

ஈரமும் பூஞ்சணமும்

தென்கேரளம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருங்கே பெறுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழையும் உண்டு. எனவே ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே ஓரளவு உலர்ந்ததாகும்.

பூஞ்சண வித்துகள் காற்றில் எங்கும் நிறைந்துள்ளன. அவற்றை முற்றிலும் ஒழிக்க இயலாது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைக் கடந்து சில நாட்கள் நீடிக்குமாயின் அவை முளைத்துப் பரவுகின்றன. கட்டமைப்பிற்குப் பயன்படும் மாவுப்பசை, துணி, தோல் ஆகியவை அவற்றிற்கு உணவாகின்றன. ஆகவே தடுப்பு முறையின் சாரம் மருந்தன்று. ஈரத்தைக் குறைத்தலும் காற்றோட்டமுமே ஆகும்.

செலவு குறைந்த தடுப்பு முறைகள்

முதலாவதாக, கூரைக் கசிவையும் மழைநீர் வடிகாலையும் மே மாதத்திற்குள் சீர்செய்தல் வேண்டும். இரண்டாவதாக, அலமாரிகளை வெளிச்சுவரை ஒட்டி வைக்கலாகாது. சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. நூல்களை நெருக்கி அடுக்குவதும், துளையில்லாத இரும்பு அலமாரிகளை மாதக்கணக்கில் மூடி வைப்பதும் ஈரத்தைச் சிறைப்படுத்தும். மூன்றாவதாக, மழை நாளில் சன்னல்களைத் திறந்தால் ஈரக்காற்றே உட்புகும். வெயில் காயும் பிற்பகலில் திறப்பதே நன்று. சுவரில் ஓர் ஈரமானி இருப்பின் இதனைக் கணித்துச் செய்யலாம்.

அந்துருண்டை பூச்சிகளை விரட்டுமேயன்றிப் பூஞ்சணத்தைத் தடுப்பதில்லை. முன்னாளில் பெரிதும் கையாளப்பட்ட தைமால் புகையூட்டலும் நிலையான பாதுகாப்பைத் தருவதில்லை. ஈரம் திரும்பினால் பூஞ்சணமும் திரும்பும். அப்புகை பணியாளரின் உடல்நலத்திற்கும் தீங்கானது.

பூஞ்சணம் கண்டபின்

பாதிக்கப்பட்ட நூல்களை உடனே பிரித்து வைத்தல் வேண்டும். ஈரமான பூஞ்சணத்தைத் துடைத்தால் அது தாளில் இழுகிக் கறையாகப் படியும். எனவே முதலில் நிழலில், காற்றோட்டத்தில் நூலை உலர்த்தி, பூஞ்சணம் பொடியான பிறகே மென்மையான தூரிகையால் திறந்த வெளியில் அகற்றுதல் முறை. முகமூடியும் கையுறையும் அணிதல் இன்றியமையாதது; ஆஸ்துமா உள்ளவர்களை இப்பணியில் ஈடுபடுத்தலாகாது.

2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தில் நேர்ந்ததுபோல் நூல்கள் முற்றும் நனைந்துவிட்டால் காலமே முக்கியம். 48 மணி நேரத்திற்குள் பூஞ்சணம் தோன்றக்கூடும். அதற்குள் உலர்த்த இயலாத அரிய நூல்களை உறைநிலையில் வைத்து, பின்னர் சிறிது சிறிதாக உலர்த்துவது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையாகும்.

ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசும் வழக்கம் தென்னாட்டில் உண்டு. ஓலையைத் தூய்மை செய்து உலர்த்திய பின்னரே அதனைப் பூச வேண்டும். காகிதத்திற்கு எண்ணெய் ஒருபோதும் பொருந்தாது.

இழப்பின் அளவு

ஒரு சுவடிக்கட்டின் மதிப்பை விலையால் அளவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் டி. கணபதி சாஸ்திரிக்குக் கிடைத்த சுவடிகளின் வாயிலாகவே, பாசன் இயற்றியவை எனக் கருதப்படும் வடமொழி நாடகங்கள் மீண்டும் உலகிற்குத் தெரியவந்தன. அவை 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பிக்கப்பட்டன. அக்கட்டு ஈரத்தில் அழிந்திருப்பின் அவ்விழப்பை எவரும் அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

நூல் வாங்கும் செலவு ஆண்டறிக்கையில் சாதனையாக இடம்பெறுகிறது. பராமரிப்புச் செலவோ கண்ணில் படுவதில்லை. இருப்புச் சரிபார்ப்பின்போது பூஞ்சணத்தால் ஒட்டிப்போன நூலும் ‘உள்ளது’ என்றே குறிக்கப்படுகிறது. வாசகருக்கோ அது இல்லாத நூலே. இருப்புப் பதிவேட்டில் நூலின் நிலையைக் குறிக்க ஒரு பத்தியைச் சேர்த்து, ஆண்டுதோறும் பிப்ரவரியில் அதனை நிரப்பச் செய்யலாம். ஒதுக்கீட்டின் ஒரு பகுதியைப் பராமரிப்பிற்கெனத் தனியே வைக்கலாம். பணிக்கர் 1995இல் மறைந்த ஜூன் 19ஆம் நாள் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. மழை வலுக்கும் காலமும் அதுவே. அன்று வாசகர் கையில் நல்ல நிலையில் ஒரு நூல் சேர வேண்டுமாயின், அதற்கான பணிகள் கோடைமழைக்கு முன்பே முடிந்திருத்தல் வேண்டும்.