மஸ்கெலியாவை எழுதப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பேராதனையிலிருந்து நீ அனுப்பிய முதல் அத்தியாயம் கிடைத்தது. ஆய்வுக்கு நம் ஊரையே எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம். கோப்பிக் காலம், 1869இல் வந்த இலைநோய், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் போட்ட தேயிலை, 1884இல் ஹட்டனுக்கு வந்த ரயில் பாதை என்று ஒழுங்காகவே எழுதியிருக்கிறாய். வருஷங்கள் சரிதான். ஆனால் இருபது பக்கத்தில் மஸ்கெலியாக்காரர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பேசக்கூடியவர்கள் இன்னும் கொஞ்சக் காலம்தான் நம்மோடு இருப்பார்கள். அதனால் இந்தக் கடிதம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

முதலில் பழைய டவுனுக்குப் போ. இன்று நீ பஸ்ஸை விட்டு இறங்கும் மஸ்கெலியா மேட்டில் புதிதாகக் கட்டிய ஊர். 1969இல் மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாக்கலை அணை எழும்பியபோது அதற்கு முந்திய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. சண்முகநாதர் கோயில், பள்ளிவாசல், பௌத்தர்களின் பன்சலை, கடைத்தெரு எல்லாம் போயின. மழை பொய்த்த வருஷங்களில் நீர் இறங்கும்போது கோயிலும் பழைய சுவர்களும் வெளியே தெரியும். உடனே எங்கிருந்தெல்லாமோ சனம் வந்து படம் எடுக்கும். அந்தச் சுவர் யாருடைய கடைச் சுவர் என்று எந்தப் படத்தின் கீழும் எழுதியிருக்காது. அதை எழுதுவதுதான் உன் வேலை என்று நான் நினைக்கிறேன்.

1969இல் பதினைந்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட நாலைந்து பேரைத் தனித்தனியாகப் பார். வெறும் தாளைக் கொடுத்து, கோயில் வாசலில் நின்றால் இடது கைப்பக்கம் முதல் கடை எது, அடுத்தது எது என்று கேட்டுக்கொண்டே போ. இன்னொருவர் சொன்னதை அவரிடம் காட்டாதே. எல்லாரிடமும் கேட்டு முடித்த பிறகு அவர்களை ஒரே திண்ணையில் உட்காரவைத்து, வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடு. சண்டை வரும். வரட்டும். எங்கே முரண்படுகிறார்களோ அங்கே இரண்டு சொல்லையும் எழுது. நீயாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே. கடைத்தெருவில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் இருந்தவர்கள். நம்முடைய ஆட்களை மட்டும் கேட்டுவிட்டு ஊரின் வரலாறு என்று பெயர் போட்டால் அது அரைக் கணக்கு. பன்சலைப் பக்கத்துக் குடும்பங்களையும் பள்ளிவாசல் சபையையும் கட்டாயம் போய்ப் பார்.

இடத்தைப் பற்றி எழுதும்போது தண்ணீரைப் பின்தொடர்ந்து போ. சிவனொளிபாத மலை 2,243 மீட்டர். அதன் அடிவாரத்திலிருந்து மஸ்கெலியா ஓயாவும், அந்தப் பக்கம் கெஹெல்கமு ஓயாவும் இறங்கிச் சேர்ந்துதான் களனி கங்கை. கெஹெல்கமுவை 1965இல் காசல்ரீயில் அணை போட்டு மறித்தார்கள், நம்முடையதை 1969இல். இந்த நீர் கெனியன், லக்ஷபான மின்நிலையங்களை ஓட்டிவிட்டுத்தான் கீழே போகிறது. இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று விமலசுரேந்திர என்ற இலங்கை எஞ்சினியர் வெகு காலம் சொல்லிவந்தார். முதலாவது லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல்தான். கொழும்பில் பல்பு எரிந்தது. ஊரை விட்டுக்கொடுத்த சனத்தின் லயங்களில் குப்பி விளக்கு எரிந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நீ கோபமாக எழுத வேண்டாம், வருஷத்தை எழுது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு டிவிஷனிலும் லயத்துக்குக் கரண்ட் எப்போது வந்தது என்று கேட்டு ஒரு அட்டவணை போடு. அந்த அட்டவணை பேசும்.

கேட்கும் முறையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்தில் போகாதே. கொழுந்து எடுக்கும் மலையில் நின்று பேச்சுக் கொடுக்காதே. நிறை குறைந்தால் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டுவிடுவார்கள், நஷ்டம் அந்த அம்மாவுக்கு. பின்னேரம் வேலை விட்டு வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டிய பிறகு லயத்து இஸ்தோப்பில், அந்தத் திண்ணையில் போய் உட்கார். கங்காணியோ சங்கத் தலைவரோ பக்கத்தில் இருந்தால் பெண்கள் பேசமாட்டார்கள். முதல் நாள் கேட்கவே வேண்டாம், தேத்தண்ணி குடித்துவிட்டு வா.

“எந்த வருஷம்?” என்று கேட்டால் பாட்டிமாருக்கு வருஷம் வராது. அணை கட்டினதுக்கு முன்னாலா பின்னாலா என்று கேள். பிளேன் விழுந்ததுக்கு முன்னாலா என்று கேள். 1974 டிசம்பர் 4இல் இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்களை ஏற்றிய விமானம் சப்தகன்னி மலையில் மோதி 191 பேரும் இறந்துபோனார்கள். இந்தப் பக்கத்து வயசாளிகள் யாருக்கும் அது மறக்காது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த 1975, கலவரம் நடந்த 1983, திரும்பவும் கம்பனிகளிடம் கொடுத்த 1992 என்று இன்னும் சில முளைகளை அடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அவற்றின் நடுவே வந்து நிற்கும். எழுபதுகளில்தான் தோட்டங்களில் பஞ்சம். அதைப் பற்றிக் கேட்கும்போது அவசரப்படாதே. சில வீடுகளில் அந்தப் பேச்சோடு அன்றைய நாள் முடிந்துவிடும்.

கம்பனிப் புத்தகங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. பெர்குசன் டைரக்டரியில் தோட்டத்தின் பெயர், ஏக்கர், துரையின் பெயர் எல்லாம் கிடைக்கும். நம்மவர்களின் பெயர் கிடைக்காது. அது நம் வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது: பிறப்புப் பத்திரம், பிரஜாவுரிமைப் பத்திரம், இந்தியப் பாஸ்போர்ட், பழைய பற்றுச்சீட்டு, கோயில் திருவிழா நோட்டீஸ். பெட்டியைத் திறந்து காட்டினால் அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்துவிடு. எந்தக் காரணம் கொண்டும் வாங்கிக்கொண்டு போகாதே. காகிதம் இல்லாமல் போனதால் என்ன நடந்தது என்று அந்தச் சனத்துக்குத் தெரியும். 1947இல் மஸ்கெலியாத் தொகுதியில் இலங்கை இந்தியன் காங்கிரசின் ஜி. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் நாம். 1948இல் குடியுரிமைச் சட்டம், அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் நம் சனத்தின் சார்பில் ஒருவரும் உள்ளே போகவில்லை. கடைசி நாடற்றவருக்கும் வழி செய்த சட்டம் வந்தது 2003இல். இந்த ஐம்பத்தைந்து வருஷமும் அந்தத் தகரப் பெட்டிகளுக்குள்தான் கிடக்கிறது.

இன்னொன்றையும் உன் அத்தியாயத்தில் காணவில்லை. மஸ்கெலியாவின் ஒரு பகுதி மஸ்கெலியாவில் இல்லை. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கிப் போனவர்கள் நம் பக்கத்துக் காம்பராக்காரர்கள். அதிலே பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் டேன்டீ தோட்டங்களில் அதே கொழுந்தைத்தான் எடுத்தார்கள். பழைய டவுனில் வளர்ந்து, அணை நிறைவதற்கு முன்னாலோ பின்னாலோ போனவர்கள் அங்கே இருக்கிறார்கள். புது டவுன் அவர்கள் கண்ணில் அதிகம் படாததால் பழையது கலங்காமல் இருக்கும். உன் வரைபடத்தில் இங்கே யாருக்கும் நினைவில்லாத கடையை அவர்கள் சொல்லக்கூடும். உனக்கு நீலகிரி போக இப்போது வசதி இல்லை, தெரியும். வாட்ஸ்அப்பில் வரைபடத்தை அனுப்பி, பேரப்பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்.

வாசிக்க வேண்டியதில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். ஹட்டனில் இருந்துகொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர் ஒருவர். அவர் துணைவி மீனாட்சி அம்மையின் பாட்டுகளையும் சேர்த்துப் பார். அடுத்தது மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. அவர் தோட்டத்துச் சனத்தின் பாடல்களைத் தேடித் தேடி எழுதிவைத்த முறையைக் கவனி. கேட்டதைக் கேட்டபடி எழுதுவது எப்படி என்று அங்கே தெரிந்துகொள்ளலாம்.

சாதிப் பேச்சு வரும், குடும்பத் தகராறு வரும். உயிரோடு இருப்பவரின் மானம் போகும் எதையும் பெயரோடு எழுதாதே. முடித்த பிறகு ஒரு பிரதியைத் தமிழில் நம் வாசிகசாலைக்குக் கொடு. ஆங்கிலத்தில் மட்டும் சமர்ப்பித்து பெட்டியில் போட்டுவிட்டால் சொன்னவர்களுக்குச் சேராது.

மார்ச்சில் வா. தென்மேல் மழைக்கு முன்னால் நீர் இறங்கியிருக்கும், பழைய கோயில் பக்கம் நடந்து போகலாம். சிவனொளிபாத சீசன் நேரம் என்பதால் போயா விடுமுறையை ஒட்டி வராதே, மலையேற நல்லதண்ணி போகும் சனத்தில் பஸ் கிடைக்காது. கட்டம் போட்ட பெரிய தாளும் பென்சிலும் கொண்டு வா. பழைய கடைத்தெருவில் சின்னப் பையனாக வேலை பார்த்த இருவரிடம் பேசிவைத்திருக்கிறேன். ஒருவருக்கு உடம்பு சரியில்லை, அவரிடம் முதலில் போவோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா