பெயர் எழுதாத படங்கள்

வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், மாதர் சங்கக் கூட்டம் முடிந்த வேளையில் மூதாட்டி ஒருவர் பொலித்தீன் பையொன்றை எம்மிடம் நீட்டினார். உள்ளே ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது காணி உறுதியோடு சேர்த்து எடுத்து வந்த படம். 2009இலும் அதை அவர் கைவிடவில்லை. அது ஒரு கலியாண வீட்டுப் படம். அதில் 11 பேர் நிற்கிறார்கள்.

"இதிலை அஞ்சு பேரைத்தான் எனக்குத் தெரியும், சுவாமி. மற்றாக்கள் ஆரெண்டு அம்மாவுக்குத்தான் தெரியும், அவவும் போட்டா. நான் ஒருநாளும் கேக்கேல்லை" என்றார்.

முகத்தைப் படம் காப்பாற்றும். பெயரையும் உறவையும் கதையையும் மனிதரே காப்பாற்ற வேண்டும். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பதுதான் இப்பாடத்தின் நோக்கம்.

படத்தை வாசிக்கும் முறை

முதலில், யார் யார் என்று இடமிருந்து வலமாகக் கேட்போம். பெயர் மட்டும் போதாது. எந்த ஊர், என்ன முறை, என்ன தொழில் என்பதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, முகங்களுக்குப் பின்னால் உள்ளவற்றைப் பார்ப்போம். மூதாட்டியின் படத்தில் ஒரு மூலையில் துலா தெரிந்தது. அதைக் கண்டதும் பெண்களின் பேச்சு கிணற்றின் பக்கம் திரும்பியது. துலா போய் நீர்ப்பம்பி வந்ததும், இறைப்பு மிஞ்சியதும், நன்னீர்க் கிணறுகள் சில உவரானதும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒரு குடும்பப் படம் ஊரின் நீர் வரலாறாயிற்று.

மூன்றாவதாக, படத்தில் இல்லாதவர்களைத் தேடுவோம். அடுப்படியில் நின்றவர்கள் யார்? பந்தல் போட்டவர்கள் ஏன் படத்தில் இல்லை? ஸ்ரூடியோப் படமென்றால் கோட்டும் கைக்கடிகாரமும் இரவலாக இருந்திருக்கலாம். அது தாத்தா வாழ்ந்த நிலையைவிட, வாழ விரும்பிய நிலையைக் காட்டுகிறது.

படமே இல்லாத வீடுகளும் உண்டு. 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபோது, அதற்காக எடுத்ததே ஏழைக் குடும்பத்து அம்மம்மாக்கள் பலரின் முதற் படம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமையை இழந்த மலையக மக்கள் பலருக்கு அந்த அட்டையும் பிந்தியே கிடைத்தது. இத்தகைய வீடுகளில் உரலையோ மண்வெட்டியையோ முன்வைத்துக் கதை கேட்கலாம். ஆலயப் பதிவேடுகளும் உதவும்.

கவனிக்க வேண்டியவை

* படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா முன்பக்கத்திலும் தடம் பதிக்கும். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாளானால், தனித் துண்டில் எழுதிப் படத்தோடு வையுங்கள்.
* கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம். அப்படியே கைத்தொலைபேசியில் பிரதி எடுங்கள். கதவோர வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம்.
* வெள்ளத்தில் நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாகப் பிரித்து, படப்பக்கம் மேலாக நிழலில் உலர்த்துங்கள்.
* சில படங்களில் இருப்பவர்கள் காணாமல் ஆக்கப்பட்டோர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் ஏந்தி நின்றது அத்தகைய படங்களையே. அவற்றைப் பற்றி நாமாகக் கேள்வி கேட்க வேண்டாம். அவர்கள் பேச விரும்பினால் இருந்து கேட்போம்.

மூதாட்டியின் படத்தைப் பிரதி எடுத்து, வெளிநாட்டிலுள்ள அவரது உறவினருக்கு அனுப்பினோம். மேலும் 3 பெயர்கள் கிடைத்தன. அவரது பேத்தி அவற்றைப் பின்புறத்தில் எழுதினாள். எஞ்சிய மூவரையும் அடையாளம் சொல்ல இன்று எவருமில்லை.

கலந்துரையாடலுக்கு

1. எமது பாட்டன், பாட்டி நால்வரின் பெயரையும் ஊரையும் எம்மால் சொல்ல முடியுமா?
2. எமது கிராமத்தில் பழைய படங்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தோர் யார்? அவர்களை இம்மாதமே யார் சந்திப்பது?
3. எமது ஊரின் எந்தத் தொழிலாளர்கள் எந்தப் படத்திலும் இல்லை? அவர்களின் கதையை எவ்வாறு பதிவுசெய்வோம்?