மஞ்சள்: குழம்பில் ஒரு சிட்டிகை, குப்பியில் ஒரு மாத்திரை



இந்த மாதப் பாடத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பூசைக்கு முதலில் பிடித்து வைக்கும் பிள்ளையார், தாலிக் கயிறு, கல்யாணப் பத்திரிகையின் மூலை, அடுப்பில் கொதிக்கும் குழம்பு, எல்லாவற்றிலும் மஞ்சள்தான். இப்போது அதே மஞ்சளின் சாறு மாத்திரையாகி மருந்துக் கடையிலும் பாசார் மாலாமிலும் கைப்பேசியிலும் விற்பனைக்கு வருகிறது. "அக்கா, இது நல்லதா? அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" மருந்தகத்தில் வேலை செய்யும் என்னிடம் இளைஞர் வகுப்பில் அடிக்கடி வரும் கேள்வி இது. படிப்படியாகப் பார்ப்போம்.

1. மஞ்சளுக்குள் என்ன இருக்கு?

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருள் குர்குமின். 1815-இல் இதை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1910-இல் இதன் வேதியியல் அமைப்பு கண்டறியப்பட்டது. வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மஞ்சள் கரைத்த தண்ணீரில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கலக்குங்கள். உடனே சிவந்துவிடும். காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் குர்குமின் நிறம் மாறும். நாம் சுற்றுகிற ஆலத்தித் தண்ணீர் சிவப்பதும், மஞ்சளிலிருந்து குங்குமம் செய்வதும் இப்படித்தான்.

2. தூள் வேறு, சாறு வேறு

மஞ்சள் தூளின் எடையில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் இருப்பது ஏறக்குறைய 90 மில்லிகிராம். மாத்திரைக்குப் பயன்படும் சாறு பெரும்பாலும் 95 விழுக்காடு குர்குமின் வகைகள் இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. அப்படிப்பட்ட 500 மில்லிகிராம் சாறு ஒரு மாத்திரையில் இருந்தால் அதில் 475 மில்லிகிராம் குர்குமின். கணக்குப் போட்டுப் பாருங்க: ஐந்து தேக்கரண்டித் தூளுக்கும் மேல்! வீட்டில் ஒரு சட்டிக் குழம்புக்கே அரைக் கரண்டிதானே போடுறோம்?

"பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுறோமே, ஒன்னும் ஆகலையே" என்பது குழம்புக்குச் சரி. மாத்திரைக்கு அது பதிலாகாது.

3. மிளகு என்ன செய்கிறது?

குர்குமினை நம் உடம்பு எளிதில் ஏற்காது. பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். 1998-இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது. அதனால்தான் இன்று பல மாத்திரைகளில் மிளகுச் சாறும் இருக்கிறது.

ஆனால் பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது? குடலிலும் கல்லீரலிலும் வேண்டாத பொருளைச் சிதைக்கும் நொதிகளை அது மந்தமாக்குகிறது. நாம் சாப்பிடும் வேறு மருந்துகளையும் இதே நொதிகள்தான் சிதைக்கின்றன. ஆகவே அந்த மருந்துகளின் அளவும் இரத்தத்தில் ஏறக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் தாத்தாவுக்கு, நாம் அன்போடு வாங்கித் தரும் மாத்திரையே இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

4. நன்மை உண்டா?

உண்டு. மூட்டுத் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி ஓரளவு குறைவதாகப் பல சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் புற்றுநோயைக் குணமாக்கும், சர்க்கரை மருந்தை நிறுத்திவிடலாம் என்று வரும் செய்திகளுக்கு அப்படி ஆதாரம் இல்லை. ஆய்வுக்கூடத் தட்டில் செல்களைக் கொல்வது வேறு, மனித உடம்பில் நோயைத் தீர்ப்பது வேறு.

5. தீமை உண்டா?

அரிதாக உண்டு. அமெரிக்காவில் 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றிச் சொன்னது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். 7 பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. 2023-இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது. மாத்திரை சாப்பிடுபவருக்குக் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ, உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகணும்.

6. நாம் செய்ய வேண்டியது

குப்பியில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எண் டி என்ற எழுத்தில் முடிந்தால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சத்துணவுப் பொருள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டன என்பதே பதிவின் பொருள். நோய் தீரும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. புற்றுநோய், நீரிழிவு போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வேறு மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரையைத் தொடக் கூடாது.

"இப்படிக் கேள்வி கேட்பது நம் முன்னோரை அவமதிப்பது ஆகாதா?" என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்தது. இது எங்களுக்குக் காலங்காலமாகத் தெரியும் என்று பழைய நூல்களை ஆதாரமாக வைத்தது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. கோபத்தால் கிடைத்த வெற்றி அல்ல அது, ஆதாரத்தால் கிடைத்தது. அன்று மற்றவரிடம் காட்டிய அதே ஆதாரத்தை, இன்று மஞ்சளின் பெயரைச் சொல்லி நம்மிடம் விற்க வருபவரிடமும் கேட்போம்.

கலந்துரையாட:

1. உங்கள் வீட்டில் யாராவது மூலிகை மாத்திரை சாப்பிடுகிறார்களா? அது மருத்துவருக்குத் தெரியுமா?
2. குடும்பப் புலனக் குழுவில் பெரியப்பா ஒரு "அதிசய மருந்து" செய்தியைப் பகிர்கிறார். அவர் மனம் நோகாமல் எப்படிப் பதில் சொல்வீர்கள்?