நீரிழிவும் சர்க்கரை அளவும்

நம் இரசாயனப் பரிசோதனைச் சாலையில் பெனெடிக்ட் திரவத்தைக் கையாளாத மாணவர் இலர். நீல நிறமான அத்திரவத்தைக் குளுக்கோஸ் கலந்த நீருடன் சேர்த்துச் சூடேற்றின், சர்க்கரையின் அளவிற்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். நீரிழிவு நோயினரின் சிறுநீரை நெடுங்காலம் இவ்வாறே சோதித்து வந்தனர். நீலம் மாறாதிருப்பின் நலமென்று வீட்டார் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி தக்கதோ என ஆராய்வோம்.

இரத்தத்தில் சர்க்கரை நூறு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைக் கடந்தாலன்றிப் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் அது தோன்றுவதில்லை. ஆகவே 100 உள்ளவருக்கும் நீலமே. 170 உள்ளவருக்கும் நீலமே. 50க்குத் தாழ்ந்து, வியர்த்து நடுங்கி, அறிவு மயங்குவோருக்கும் நீலமாகவே இருத்தல் கூடும். இன்சுலின் ஊசி கொள்வோருக்கு இம்மயக்கம் உயிருக்கே ஊறு செய்யும். அன்றியும், சிறுநீர் கழிந்த நேரத்துச் செய்தியைக் கூறுமேயன்றி இக்கணத்து நிலையைக் கூறாது.

இக்குறையை நீக்குவது விரல் நுனிக் குருதிச் சோதனை. கையைக் கழுவித் துடைத்தபின் ஒரு துளி எடுத்தால், சில விநாடிகளில் கருவி எண்ணைக் காட்டும். பொதுவாக உணவுக்குமுன் 80 முதல் 130 வரையும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 180க்குள்ளும் இருத்தல் நன்றென்பர். முதியோர்க்கும் கருவுற்றோர்க்கும் மருத்துவர் வேறு எல்லை வகுப்பர். 70க்குத் தாழின், 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும். உணர்விழந்தோர் வாயில் ஒன்றும் புகட்டலாகாது; உடனே மருத்துவரை நாடுக.

ஆயினும், ஒரு துளி ஒரு கணத்தையே காட்டும். சோதனைக்கு இரு நாள் முன்னர் மட்டும் பத்தியம் காத்து நல்ல எண் பெறுவாரும் உளர். செவ்வணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வன. அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளந்தால், இரண்டு மூன்று மாதத்துச் சராசரி புலனாகும். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலினையே நம்பி வாழும் 1,441 நோயினரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சராசரியைக் கண்டிப்பாகக் குறைத்துக் காத்தோர்க்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடுகள் பெரிதும் குறைந்தன. ஆனால் சர்க்கரை மிகத் தாழ்ந்து இடருறுதல் அவர்களிடையே ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. ஆதலின் சராசரியும் வேண்டும். அன்றாட அளவும் வேண்டும்.

இன்னொன்று. அளவு நோயாளிமீது குற்றஞ்சாட்டும் சாட்சியன்று. எண் உயர்ந்தவுடன் "என்ன தின்றீர்?" என்று அதட்டும் இல்லத்தில், நோயாளி எண்ணை மறைப்பார், பின்னர் அளப்பதையே விடுவார். எண்ணோடு வேளை, உணவு, மருந்து, உடலுழைப்பு ஆகியவற்றையும் குறித்து வைப்பின், மருத்துவர் காரணம் அறிந்து மருந்தைத் திருத்துவர். வீட்டுப் பெரியோர் அருகமர்ந்து அக்குறிப்பேட்டை அன்புடன் எழுதித் தருதல் மாணவர்க்கு எளிதான தொண்டாகும்.