துளையின் வாயும் அடியும்

புதுச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

திறந்தவெளிச் சுரங்கத்தில் வெடிக்காகப் போடும் துளை சரியாக இறங்கியிருக்கிறதா என்பதை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் ஐஸ் பாளத்தைக் கூரிய கம்பியால் ஒரே வரிசையில் குத்திக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு தட்டுத் தட்டுகிறார்களே, பாளம் அந்த வரிசையிலேயே பிளக்கிறதல்லவா? சுரங்கத்தின் இறுதிச் சுவர் சிதையாமல் நிற்பதற்காகச் செய்யும் முன்பிளவு வெடிப்பின் தத்துவமும் அதுவே. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் நயாகரா மின் திட்டத்தில் கையாளப்பட்டு அது பிரசித்தி பெற்றது.

1884-ல் நம் பாகூர்ப் பக்கம் ஊற்றுக்கிணறு தோண்டியபோதே தலைகாட்டிய பழுப்பு நிலக்கரியை இன்று வெட்டியெடுக்கும் நெய்வேலியில், மேலே கிடக்கும் கடினமான கடலூர் மணற்கல்லை வெடிவைத்துத் தளர்த்திய பிறகே சக்கர வாளி இயந்திரங்கள் அதை அள்ளுகின்றன. தளர்த்துவது மட்டுமே நோக்கமாயின் சிறு கோணலைப் பொறுத்துக்கொள்ளலாம். இறுதிச் சுவரில் அதற்கு இடமில்லை. 15 மீட்டர் ஆழத் துளை ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் அதன் அடி ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் விலகிவிடும். ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு துளைகள் எதிரெதிராகச் சாய்ந்தால், அடியில் அந்த இடைவெளி ஒன்றரை மீட்டராக விரிந்து பாறை பிளவாமல் நிற்கும், அல்லது அரை மீட்டராகக் குறுகிப் பொடியாகும்.

பிழைகள் மூவகை. துளையின் வாய் குறித்த இடத்தில் அமையாதது சர்வேயரின் கருவியில் உடனே தெரியும். துளையிடும் இயந்திரத்தைச் சரியான கோணத்தில் நிறுத்தாதது அடுத்தது. மூன்றாவதுதான் பொல்லாதது: துளையிடும் தண்டு மெலிந்திருந்தாலும், மிகையாக அழுத்தினாலும், பாறையின் அடுக்குகள் சாய்ந்திருந்தாலும், நேராகப் புறப்பட்ட துளை உள்ளே போய் வளைந்துவிடும். எடைகட்டிய டேப்பை இறக்கினால் ஆழம் தெரியும், தண்ணீர் நிற்பதும் சரிவு விழுந்திருப்பதும் தெரியும், வளைவு தெரியாது. கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, அடிவட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்ப்பது பழைய முறை. தண்ணீர் நின்றால் அதுவும் உதவாது. இக்காலத்தில் சாய்வளவுக் கருவியொன்றைக் கம்பிவடத்தில் இறக்கி, படிப்படியாகக் கோணத்தையும் திசையையும் குறித்து, துளையின் பாதையையே வரைந்துவிடுகிறார்கள். கர்நாடகத்தின் குதிரேமுகத்தில் வெட்டியெடுத்ததைப் போன்ற காந்த இரும்புத் தாதில் திசைகாட்டி பொய் சொல்லும். அங்கே சுழலிக் கருவியே (கைரோஸ்கோப்) வேண்டும்.

வெடித்த பின் சுவரில் துளைகளின் பாதி வடு நீள நீளமாய்த் தெரியும். 10 மீட்டர்த் துளைகள் பத்தில் மொத்தம் 60 மீட்டர் வடு நின்றால், வடு விகிதம் 60 சதவீதம். அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு துளையிட்டவர்மேல் குற்றம் சுமத்தும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை; விரிசல்கள் மலிந்த பாறையில் துளை எவ்வளவு நேராயிருந்தாலும் வடு உதிர்ந்துபோகும், வெடிமருந்து மிகையானாலும் அப்படியே. ஆதலால் நீ பயிற்சிக்குப் போகுமிடத்தில், மருந்து இடுவதற்கு முன்னரே எடுத்த சாய்வளவு ஏட்டைக் கேட்டு வாங்கி, எந்தத் துளையின் வடு மறைந்ததோ அதன் பாதையோடு ஒத்துப் பார்த்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா